பொறிகள் அறியுமா?

கண் பார்க்கிறது, காது கேட்கிறது என்பது உலக வழக்கு. பார்ப்பது கண்தானா, கண்ணைக் கருவியாகக் கொண்டு வேறொன்று பார்க்கிறதா என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படைக் கேள்விகளில் ஒன்று. அதற்கு விடை சொல்லும் சிவஞானபோதம் 12 நூற்பாக்களும் 40 அடிகளும் மட்டுமே கொண்ட சிறு நூல். 13ஆம் நூற்றாண்டில் அதை இயற்றிய மெய்கண்டார் பிறந்தது விருத்தாசலத்துக்குப் பக்கத்திலுள்ள பெண்ணாடம் என்னும் திருப்பெண்ணாகடத்தில். வளர்ந்து நூல் செய்தது திருவெண்ணெய்நல்லூரில். அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் பண்ணுருட்டி அருகே திருத்துறையூரைச் சேர்ந்தவர். அடுத்து வந்த மறைஞான சம்பந்தரும் பெண்ணாகடத்தவரே. அவருடைய மாணவர் உமாபதி சிவம் தில்லையில் வாழ்ந்தவர். பழைய தென்னார்க்காட்டு மண்ணில் நான்கு தலைமுறை ஆசிரியர்கள் விடாமல் ஆராய்ந்த கேள்வி இது.

அந்தப் பகுதியின் நடுவே இருக்கும் விருத்தாசலம், தேவாரம் பாடிய மூவரும் திருமுதுகுன்றம் என்று போற்றிய தலம். கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, தேர் ஐந்து, தீர்த்தம் ஐந்து என்று எல்லாம் ஐந்தைந்தாக அமைந்தது பழமலைநாதர் கோயில். இன்றைக்கு வெளியுலகில் ஊரின் பெயரைக் கொண்டு சேர்ப்பது பீங்கான். செராமிக் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இங்கே உண்டு. அகல் விளக்கும் கொலு பொம்மையும் மின்சார ஃபியூஸ் கட்டையும் வார்க்கும் கூடங்களில், ஒரே மண்பண்டத்தைக் கண்ணும் கையும் காதும் மூக்கும் நாக்கும் மாறி மாறிச் சோதிக்கின்றன. மெய்கண்டார் எழுப்பிய கேள்வியை ஆராய்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமைவது அரிது.

சித்தாந்தம் உலகை 36 தத்துவங்களாகப் பகுக்கிறது. அவற்றில் 24 ஆன்ம தத்துவங்கள்: பூதங்கள் ஐந்து, ஓசை முதலான தன்மாத்திரைகள் ஐந்து, ஞானேந்திரியங்கள் ஐந்து, கன்மேந்திரியங்கள் ஐந்து, மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கு. இங்கே செவி என்பது காதுமடலையோ கண் என்பது வெள்ளை விழியையோ குறிக்காது. அந்த உறுப்பை இடமாகக் கொண்டு ஓசையை, ஒளியைப் பற்றும் ஆற்றலே இந்திரியம். விழி கெடாமலே பார்வை போவதும், காதுமடல் முழுதாக இருந்தும் செவிடாவதும் இந்தப் பிரிவினைக்கு ஆதாரம். இந்திரியங்கள் பூதங்களால் ஆனவை என்றனர் நியாய நூலார். அகங்காரத்திலிருந்து தோன்றிப் பூதங்களின் துணையோடு தொழிற்படுபவை என்றது சித்தாந்தம். எப்படிச் சொன்னாலும் அவை சடம். தாமாக அறிய மாட்டாதவை. இந்த முடிவு நிற்குமா என்று பார்க்க ஒவ்வொரு பொறியின் அமைப்பையும் பார்க்க வேண்டும்.

சூளையின் பார்வைத் துளை வழியே உள்ளே நோக்கி, நெருப்பின் நிறத்தால் பக்குவத்தைக் கணிப்பது இந்தத் தொழிலின் பழைய பழக்கம். ஏறத்தாழ 525 டிகிரி செல்சியசில் எந்தத் திடப்பொருளும் மங்கிய சிவப்பாக இருட்டில் தெரியத் தொடங்குகிறது; ஜான் டிரேப்பர் 1847இல் இதைக் கண்டறிந்தார். சூடு ஏற ஏறச் சிவப்பு செம்மஞ்சளாகி, மஞ்சளாகி, பீங்கான் இறுகும் 1,200 டிகிரிக்கு மேல் வெளிறிவிடுகிறது. அந்த ஒளியைக் குவிப்பதில் மூன்றில் இரண்டு பங்கு வேலையைக் கருவிழியின் முன்னுள்ள ஒளிபுகு படலம் செய்கிறது. மீதியை வில்லை செய்கிறது. விழித்திரையில் விழும் உருவம் தலைகீழானது. மங்கிய ஒளிக்கான கோல் செல்கள் பல கோடி. நிறத்துக்கான கூம்பு செல்கள் மூன்று வகை, சில பத்து லட்சம். இத்தனை செல்களிலிருந்தும் மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் இழைகள் ஏறத்தாழ பத்து லட்சம்தான். ஆகவே விழித்திரையிலேயே செய்தி சுருக்கப்படுகிறது, வடிகட்டப்படுகிறது. நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளி உணரும் செல்லே கிடையாது. ஆனாலும் தம் பார்வையில் ஓட்டை இருப்பதாக எவரும் உணர்வதில்லை. சூளையின் அகச்சிவப்புக் கதிர் ஆண்டுக்கணக்கில் படும் கண்ணில் வில்லை வெளுத்துப் புரை விழுவதுண்டு. கருவி பழுதாவதை அப்போது அந்த மனிதரே எடுத்துச் சொல்கிறார்.

வெந்து ஆறிய பண்டத்தை விரல் நுனியில் ஏந்தி லேசாகத் தட்டினால் நல்லது கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மொத்தென்று அடங்கும், விரிசலின் இரு முகங்களும் உரசி அதிர்வின் ஆற்றலைத் தின்றுவிடுவதால். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது பிடிக்கிறது. செவிப்பறையில் பட்ட அதிர்வு, உடலிலேயே மிகச் சிறிய மூன்று எலும்புகள் வழியே நத்தை எலும்புக்குப் போகிறது. இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்ட அந்தக் குழாயின் அடியில் உச்ச சுருதியும் நுனியில் தாழ்ந்த சுருதியும் இடம்வாரியாகப் பிரிகின்றன. இதை ஆராய்ந்த கியோர்க் ஃபான் பெகெசிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. அங்கே அதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றும் உட்புற மயிர்ச்செல்கள் ஒரு காதுக்கு மூவாயிரத்து ஐந்நூறு அளவில்தான் உள்ளன. மனிதனுக்கு அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

தொடுவுணர்வு ஒரே பொறி என்று எண்ணப்பட்டாலும் தோலுக்குள் பல கருவிகள் இருக்கின்றன. மெல்லிய வழுக்கலை உணர்வது ஒன்று, விளிம்பையும் அழுத்தத்தையும் உணர்வது ஒன்று, அதிர்வை உணர்வது ஒன்று, தோல் இழுபடுவதை உணர்வது ஒன்று. சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் வலிக்கும் தனித்தனி நரம்பு முனைகள் உண்டு. ஒரு கையின் உட்புறத்தில் மட்டும் தொடுவுணர்வு நரம்பிழைகள் 17,000 அளவில் உள்ளன. விரல் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு முனைகளை இரண்டாகவே உணரலாம். முதுகில் அதற்கு நான்கு சென்டிமீட்டர் வேண்டும். பிளாஸ்டர் அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பண்டத்தின் ஒட்டுத் தழும்பைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, விரலை ஓட்டிப் பார்ப்பவர் இந்த நுண்மையைத்தான் பயன்படுத்துகிறார். அழுத்தத்தை மின்துடிப்பாக மாற்றும் புரதங்களை 2010இல் ஆர்டெம் பட்டபூட்டியன் குழு கண்டறிந்தது. மிளகாயின் காரம் சூட்டை உணரும் அதே வாயிலைத்தான் திறக்கிறது என்பதை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு காட்டியது. இருவரும் 2021இன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இதனால் அறுசுவைக் கணக்கில் ஒரு மாற்றம் நேர்கிறது. தமிழ் மருத்துவமும் சமையலும் எண்ணும் ஆறில் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு நான்குக்கும் நாவின் சுவை மொட்டுகளில் தனி ஏற்பிகள் உண்டு. கார்ப்போ சூடும் வலியும் உணரும் நரம்பின் வேலை. துவர்ப்பு பெரும்பாலும், எச்சிலின் புரதங்கள் இறுகி வாய் வறள்வதை உணரும் ஊறு. ஐந்தாவது சுவையாக உடலியல் சேர்ப்பது, 1908இல் ஜப்பானில் கிகுனே இகேடா பிரித்துக் காட்டிய உமாமி. முதல் சூடு மட்டும் கண்ட, மெருகு பூசாத பீங்கானை நாக்கு நுனியில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். நுண்துளைகள் எச்சிலை உறிஞ்சிவிடும். அதைக் கொண்டு வேக்காட்டின் அளவை அறிவதும் சுவையால் அன்று, நாவின் தொடுவுணர்வால்.

வறண்ட களிமண்ணில் முதல் நீர் பட்டதும் எழும் வாசம் பெரும்பாலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருளுடையது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். மூக்கின் உச்சியிலுள்ள மோப்பச் செல்களில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உள்ளன. அவற்றின் மரபணுக்களை 1991இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் வெளியிட்டு 2004இல் நோபல் பெற்றனர். மற்றப் பொறிகளின் செய்தி தலாமஸ் என்னும் நடுநிலையத்தைக் கடந்தே மூளைப் புறணிக்குச் செல்ல, மணம் மட்டும் நேரே போய்ச் சேர்கிறது.

இந்த ஐந்து வழிகளிலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. தத்துவத்துக்கு மிக முக்கியமானது அதுவே. ஒளியோ ஓசையோ மணமோ உள்ளே போவதில்லை. ஒவ்வொரு பொறியும் தனக்கு உரியதை ஒரே வகை மின்துடிப்பாக மாற்றி அனுப்புகிறது. பார்வை நரம்பின் துடிப்பையும் செவி நரம்பின் துடிப்பையும் தனியே எடுத்து வைத்தால், அந்தத் துடிப்பின் இயல்பில் இது நிறம், இது நாதம் என்று பிரித்துக் காட்டும் எதுவும் கிடையாது. மூடிய இமையை விரலால் அழுத்தினால் வெளிச்சம் தெரிவதும் இதனால்தான். இதை 1826இலேயே விதியாக வகுத்தவர் ஜெர்மானிய உடலியலாளர் யோகன்னஸ் முல்லர். நிறம் விழித்திரையில் இல்லை, நரம்பில் இல்லை. துடிப்பு போய்ச் சேரும் இடத்தில் எப்படியோ நிறமாகிறது. பொறி சடம் என்ற சித்தாந்த முடிவுக்கு இதைவிட வலிய சான்று 13ஆம் நூற்றாண்டில் எவரிடமும் இருந்திருக்க முடியாது.

உயிர் உண்டு என்று நிறுவும் மூன்றாம் நூற்பாவில் மெய்கண்டார் தரும் காரணங்களில் ஒன்று ஐம்புலன் பற்றியது. கண் அறிந்ததைக் காது அறியாது. காது அறிந்ததை மூக்கு அறியாது. ஐந்தையும் அறிந்து, பார்த்த நானே கேட்கிறேன் என்று சொல்கிற ஒன்று இருக்கிறது. அது இந்த ஐந்தில் எதுவாகவும் இருக்க முடியாது. நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயமும், கண்ணாலும் தொடுகையாலும் ஒரே பொருளைப் பற்றுகிறோம் என்பதையே ஆன்மாவுக்குச் சான்றாகக் காட்டித் தொடங்குகிறது. பீங்கான் கூடத்தில் விளிம்பைத் தடவிய விரலுக்குக் கணீரென்ற ஒலி தெரியாது. ஒலியைக் கேட்ட காதுக்கு மெருகின் பளபளப்பு தெரியாது. இது தேறும், அது தேறாது என்று ஒதுக்குவது ஐந்தின் சாட்சியையும் சேர்த்துக் கேட்ட ஒருவர்.

இந்த வாதத்தை இந்தியாவிலேயே ஒரு சோதனை தொட்டிருக்கிறது. பிறவிப் பார்வையற்ற ஒருவர் கையால் உருண்டையையும் கனசதுரத்தையும் பிரித்தறிவார். திடீரெனப் பார்வை வந்தால் தொடாமல், பார்த்தே பிரிப்பாரா என்று 1688இல் டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மொலினோ, ஜான் லாக்குக்கு எழுதிக் கேட்டார். பவன் சின்ஹா தலைமையிலான பிரகாஷ் திட்டம், பிறவிக் கண்புரை போன்ற குறைகளோடு இருந்த இந்தியக் குழந்தைகளுக்குச் சிகிச்சைக்கு வழிசெய்து, அவர்களில் 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஐவரிடம் இதைச் சோதித்தது. முடிவு 2011இல் வெளியானது. பார்த்த பொருளைப் பார்வையாலேயே அடையாளம் காண்பதில் 92 விழுக்காடு சரியாகச் சொன்னவர்கள், தொட்டதைப் பார்வையால் அடையாளம் காண்பதில் 58 விழுக்காடுதான் சரியாகச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்திருந்தாலே பாதி சரியாக வந்திருக்கும். சில நாள் பழக்கத்திலேயே அந்தத் திறன் கூடிவிட்டது. கண்ணும் கையும் பிறவியிலேயே ஒன்றையொன்று அறிந்தவை அல்ல என்பதற்கும், அவற்றை இணைக்கும் வேலை வேறெங்கோ நடக்கிறது என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

அந்த வேறெங்கோ எங்கே? மூளையில் நிறத்துக்கு ஓரிடம், அசைவுக்கு ஓரிடம், ஓசைக்கு ஓரிடம் என்று பகுதிகள் தெரிந்திருக்கின்றன. பல பொறிகளின் செய்தி கூடும் பகுதிகளும் தெரிந்திருக்கின்றன. எல்லாம் வந்து ஒரே அனுபவமாக முடியும் ஒற்றை மையம் மட்டும் அகப்படவில்லை. சிதறிய செயல்கள் எப்படி ஒரே பானையாகத் தோன்றுகின்றன என்பது நரம்பியலில் இன்றும் தீராத சிக்கல்.

ஐந்தாம் நூற்பா இன்னும் ஒரு படி போகிறது. மெய், வாய், கண், மூக்கு முதலியன உயிரின் துணையால் புலன்களை அளந்து அறிகின்றன. ஆனால் தம்மையும் அறியா, தம்மைச் செலுத்தும் உயிரையும் அறியா. அதுபோலவே உயிரும் இறைவனின் துணையால் அறிந்தும் அவனை அறியாமல் இருக்கிறது. காந்தத்தின் முன் இரும்பு இயங்குவதை நூற்பாவே உவமையாகத் தருகிறது. உயிர் சேராவிட்டால் பொறி திறந்திருந்தும் பயனில்லை என்பதற்கு 20ஆம் நூற்றாண்டில் இரண்டு சான்றுகள் கிடைத்தன. பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்லிக் காட்டிய படத்தில், கொரில்லா வேடமிட்டவர் நடுவே நடந்துபோனதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் கவனிக்கவே இல்லை என்று 1999இல் டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிசும் காட்டினர். அவர்கள் விழித்திரையில் கொரில்லா விழாமல் இல்லை. 1974இல் லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் குழு விவரித்த நோயாளி இன்னும் வியப்புக்குரியவர். மூளையின் பார்வைப் பகுதி ஒருபக்கம் அகற்றப்பட்ட அவர், அதற்கு எதிர்ப்பக்கத்தில் எதுவும் தெரியவில்லை என்றார். ஆனால் ஊகித்துச் சுட்டச் சொன்னபோது ஒளிப்புள்ளியைச் சரியாகவே சுட்டினார். கண்ணின் தொழில் நடந்தது, கண்டேன் என்ற அறிவு நிகழவில்லை.

உறக்கம் பற்றியும் சித்தாந்தம் கணக்கு வைத்திருக்கிறது. விழிப்பில் 35 கருவிகள் தொழிற்படும். கனவில் ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் விலக 25 நிற்கும். ஆழ்ந்த உறக்கமாகிய சுழுத்தியில் சித்தம், பிராணன், புருடன் மூன்று மட்டும். துரியத்தில் இரண்டு, துரியாதீதத்தில் ஒன்று. கனவில் உணரும் பொறியும் தொழிற்படும் கை கால்களும் சேர்ந்தே விலகுகின்றன என்பது கூர்மையான கவனிப்பு. கனவு மிகும் உறக்க நிலையை 1953இல் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் விழியசைவைக் கொண்டு கண்டறிந்தபின், அந்நிலையில் வெளிச்செய்தி பெரிதும் தடைப்படுவதும், மூளைத்தண்டு உடல் தசைகளைச் செயலற்றவையாக வைத்திருப்பதும் தெரியவந்தன. பொறி அடைபட்டபோதும் காட்சி நிகழ்கிறது; ஆகவே காட்சிக்கு உரியது பொறி அன்று.

இதற்கெல்லாம் உலகாயதர் சொன்ன மறுப்பு வலிமையானது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றிலும் இல்லாத சிவப்பு சேர்க்கையில் தோன்றுவது போல, பூதங்களின் கூட்டத்தில் அறிவு தோன்றுகிறது என்றார்கள் அவர்கள். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பரபக்கத்தில் முதலில் எடுத்து மறுப்பது இவர்களைத்தான். பிணத்திலும் பூதங்கள் இருக்கின்றனவே, அறிவு ஏன் இல்லை என்ற சைவர் கேள்வி இன்றைய உடலியலின் முன் போதாது; பிணத்தில் பொருள்கள் இருக்கலாம், செல்களின் மின்னழுத்தத்தைக் காக்கும் இயக்கம் நின்றுவிட்டது என்று எளிதில் பதில் வரும். ஆனால் வெற்றிலைச் சிவப்பைப் பார்க்க இன்னொருவர் வேண்டும் என்ற சைவரின் அடுத்த வாதம் அப்படி எளிதில் விழுவதில்லை. கூட்டத்தில் தோன்றும் மற்ற எந்தப் பண்பும் தன்னைத் தானே உணர்வதில்லை, அறிவு மட்டும் உணர்கிறது. நரம்பியல் எவ்வளவு துல்லியமாக இயக்கத்தை விளக்கினாலும், அந்த இயக்கத்தோடு உணர்வு ஏன் கூடி வருகிறது என்பது இன்னும் விளக்கப்படாமலே நிற்கிறது. உயிர் என்ற தனிப்பொருளை இது நிறுவிவிடுவதாகச் சொல்வது மிகை. பொறியே அறிகிறது என்பது மட்டும் இனி எவராலும் காக்க முடியாத கட்சி.

ஐந்து என்ற எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. உள்காதின் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலையின் திருப்பத்தை உணர்கின்றன. தசைக்கும் மூட்டுக்கும் உள்ளே இருக்கும் உணர்முனைகள், கை கால் எங்கே இருக்கிறது என்பதைப் பாராமலே தெரிவிக்கின்றன. விருத்தாசலம் கோயிலில் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் ஆழத்துப் பிள்ளையாரிடம் படியிறங்கும் அடியார் சந்நிதியில் கண் வைத்தபடியே அடுத்த படியில் கால் வைப்பது இவற்றால்தான். சித்தாந்தம் இவற்றைத் தனியே எண்ணவில்லை. உடல் முழுவதையும் தழுவிய மெய் என்ற பொறிக்குள் அடக்கிக்கொள்ளலாம். அடக்காவிட்டாலும் ஐந்தாம் நூற்பாவுக்கு முரணில்லை, அவையும் கருவிகளே.

பொறிகள் பகையா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. எட்டாம் நூற்பா உயிரை, ஐம்புல வேடரிடம் வளர்ந்து தன் குலத்தை மறந்த அரசகுமாரனாகக் காட்டுகிறது. குற்றம் வேடர்களைவிட மறதியின்மேல்தான் விழுகிறது. பதினொன்றாம் நூற்பா கண்ணை வைத்தே விடுதலையை விளக்குகிறது: கண்ணுக்குப் பொருளைக் காட்டித் தானும் உடன் காண்கிறது உயிர், அதுபோல உயிருக்குக் காட்டித் தானும் உடன் காண்கிறான் இறைவன். சேக்கிழார் சொல்லும் சுந்தரர் வரலாறு இதற்கு இணக்கமானது. முதுகுன்றத்தில் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த அவர், பின்னாளில் திருவொற்றியூரை நீங்கியபோது பார்வை இழந்து, காஞ்சியில் இடக்கண்ணையும் ஆரூரில் வலக்கண்ணையும் மீளப் பெற்றார். பார்வை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இறைவனைக் காணவே கேட்டார்.

உயிரின் வசம் இருந்த கருவிகள் அருளின் வசமாவதைச் சித்தாந்தம் பசுகரணம் சிவகரணமாதல் என்கிறது. அப்படியானவர்களும் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவன் எனவே தொழவேண்டும் என்பது பன்னிரண்டாம் நூற்பாவின் விதி. கண்ணுக்குத் தெரியும் வேடமும் கையால் தொழும் கோயிலும் நூலின் கடைசி நூற்பாவில் வருகின்றன. பழமலைநாதர் சந்நிதியில் தீபம் கண்ணுக்கும் மணியோசை செவிக்கும் தூபம் மூக்குக்கும் திருநீறு மெய்க்கும் பிரசாதம் நாவுக்கும் கொடுக்கப்படுவது இந்த விதியின் நடைமுறை.